விடுதியா, ஆறா, நடையா? போர்னியோ காட்டுக்குக் கிளம்புமுன்

போர்னியோ காட்டுக்குப் போக ஆசைப்பட்டு என்னிடம் விசாரிப்பவர்கள் முதலில் கேட்பது, எவ்வளவு செலவாகும் என்று. அடுத்த கேள்வி, ஒராங்குட்டானைப் பார்த்துவிடலாமா என்று. இரண்டுக்கும் பதில் சொல்வதற்கு முன்னால் நான் அவர்களிடம் கேட்பேன்: முழங்கால் எப்படி இருக்கிறது? அதற்கு அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, காட்டில் உங்களுக்கு என்ன வேண்டும் என்றும் கேட்பேன். விலங்குகளைப் பார்க்க வேண்டுமா, காட்டைப் பார்க்க வேண்டுமா, காட்டுக்குள் நடக்க வேண்டுமா? கேட்கும்போது மூன்றும் ஒன்றுதான் என்று தோன்றும். போர்னியோவில் அவை மூன்று வேறு இடங்கள், மூன்று வேறு பயணங்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் விளம்பரத்தில் இருக்கும் ஒராங்குட்டான் படத்தைப் பார்த்துப் பணம் கட்டியவர்கள்தான் ஏமாந்து திரும்புகிறார்கள்.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு பால்மரத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில், பிறந்தவள். பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றேன். பள்ளி விடுமுறைகளில் மாணவர்களோடு போர்னியோ போகத் தொடங்கிய பழக்கம், இப்போது தோழிகளோடும் சொந்தக்காரர்களோடும் தொடர்கிறது. உலகின் மூன்றாவது பெரிய தீவான போர்னியோவை மலேசியா, இந்தோனேசியா, புருணை என்று மூன்று நாடுகள் பங்குபோட்டிருக்கின்றன. மலேசியப் பகுதியில் சபா, சரவாக். இந்தோனேசியப் பகுதி களிமந்தான். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் கோலாலம்பூர் வந்து அங்கிருந்து இன்னொரு விமானம் ஏற வேண்டும். ஒரே நாடுதானே என்று கடவுச்சீட்டைப் பெட்டிக்கு அடியில் வைத்துவிடாதீர்கள். சபாவும் சரவாக்கும் தங்களுக்கென்று தனிக் குடிநுழைவுச் சோதனை வைத்திருக்கின்றன. மலேசியர்களான நாங்களே அடையாள அட்டையைக் காட்டித்தான் உள்ளே போகிறோம்.

விலங்குகளைப் பார்ப்பதே முதல் ஆசை என்றால் ஆற்றுக்குப் போங்கள். சபாவின் கிழக்குப் பக்கம் ஓடும் கினபாத்தாங்கான் 560 கிலோமீட்டர் நீளம். மலேசியாவில் ராஜாங் ஆற்றுக்கு அடுத்தபடி நீளமானது இதுதான். சண்டக்கான் நகரிலிருந்து சாலை வழியாகச் சுக்காவ் கிராமத்துக்கு இரண்டு, இரண்டரை மணி நேரம். சுக்காவ், பிலிட், அபாய் ஆகிய கிராமங்களை ஒட்டிக் கரையில் விடுதிகள் இருக்கின்றன. சில வசதியானவை, சில வெறும் மரக் குடில்கள். படுக்கை கரையில் இருந்தாலும் விலங்கு பார்ப்பது முழுக்கப் படகிலிருந்துதான். விடியற்காலையில் ஒரு சுற்று, பிற்பகல் நான்கு மணி வாக்கில் ஒரு சுற்று, கேட்டால் இரவில் ஒரு சுற்று. உட்கார்ந்தே பார்க்கலாம் என்பதால் எழுபது வயதுக்காரர்களையும் சின்னப் பிள்ளைகளையும் தயங்காமல் கூட்டிப்போகிறேன்.

பிற்பகல் நான்கு மணிக்கு ஒரு காரணம் உண்டு. நீள்மூக்குக் குரங்கு போர்னியோவைத் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் வாழ்வதில்லை. பகலெல்லாம் காட்டுக்குள் இலை தின்னும் இந்தக் குரங்குகள், பொழுது சாயும்போது தூங்குவதற்கு ஆற்றோர மரங்களுக்கு வந்துவிடும். சுக்காவுக்குப் பக்கத்தில் மெனாங்குல் என்று ஒரு சின்னக் கிளையாறு இருக்கிறது. அதற்குள் நுழைந்ததும் நல்ல படகோட்டி பெரிய இயந்திரத்தை அணைத்துவிட்டு மின்மோட்டாரைப் போட்டுக்கொள்வார். சத்தமே இருக்காது. கிளைகள் தலைக்கு மேல் இரு கரையிலிருந்தும் நெருங்கி வரும். ஆண் குரங்கின் மூக்கு வாய்க்கு மேல் தொங்கும். எதையாவது தின்னும்போது அது மூக்கைக் கையால் ஒதுக்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். தாயின் வயிற்றைப் பற்றிக்கொண்டிருக்கும் குட்டியின் முகம் கருநீலமாக இருக்கும். வளர வளர அந்த நிறம் மறைந்துவிடும். பெரிய தொப்பையைப் பார்த்து, நிறையத் தின்று கொழுத்தது என்று பலரும் நினைக்கிறார்கள். இலையை நொதிக்கவைத்துச் செரிப்பதற்காக அறை அறையாகப் பிரிந்த இரைப்பை அது. தின்றதை வாய்க்குக் கொண்டுவந்து இந்தக் குரங்கு அசைபோடுவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்த மெனாங்குல் கரையில் பார்த்துத்தான் 2011-இல் எழுதினார்கள். குரங்கு இனத்தில் அப்படி ஒன்றை அதற்கு முன் யாரும் பதிவு செய்திருக்கவில்லை.

அதே ஆற்றில் முதலை உண்டு, நீர்நாய் உண்டு, பாம்புத்தாரா உண்டு. போர்னியோவில் இருக்கும் எட்டு வகை இருவாச்சிப் பறவைகளையும் கினபாத்தாங்கான் கரையில் பார்க்க முடியும். அதிர்ஷ்டம் இருந்தால் யானைக் கூட்டமே கரையில் இறங்கிப் புல் பிடுங்கித் தின்னும். போர்னியோ யானை நம் ஊர் யானையைவிட உருவத்தில் சிறியது, வால் நீளம். ஆயிரம் அளவில்தான் மிஞ்சியிருக்கின்றன என்று சொல்லி, 2024-இல் அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் அதைத் தனியாகச் சேர்த்தார்கள்.

மதுரையிலிருந்து வந்த என் நாத்தனார் மகளைச் சபாவிலேயே இருக்கும் டானும் பள்ளத்தாக்குக் காட்டுக்கும் சுக்காவுக்கும் கூட்டிப்போயிருந்தேன். சுக்காவில் படகு கரைக்குத் திரும்பும்போது அவள் கேட்டாள்: “அத்தை, டானும்ல அவ்வளவு பெரிய காட்டுல ஒரு யானையக்கூடக் காணோம். இங்க ஒரே சாயங்காலத்துல கூட்டமா நிக்குது. அப்ப இதுதானே நல்ல காடு?”

எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி. பதில் மனதுக்கு உவப்பானது அல்ல. சுக்காவில் விலங்குகள் அவ்வளவு நெருக்கமாகத் தெரிவதற்குக் காரணம், அவை போக வேறு இடம் இல்லாததுதான். படகிலிருந்து பார்த்தால் அடர்ந்த காடு. கரையேறி உள்ளே நடந்தால் சில இடங்களில் கொஞ்ச தூரத்திலேயே காடு முடிந்து பாமாயில் தரும் செம்பனைத் தோட்டம் தொடங்கிவிடும். வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தால் விளங்கும்: ஆற்றின் இரு பக்கமும் காடு ஒல்லியான கரை மாதிரி ஓடுகிறது, அதுவும் இடையிடையே அறுந்து. சபா அரசு 2005-இல் சுமார் 26,000 ஹெக்டேரைக் கீழ்க் கினபாத்தாங்கான் வனவிலங்குச் சரணாலயம் என்று அறிவித்தபோதே அது பத்துத் துண்டுகளாகத்தான் இருந்தது. அந்தத் துண்டுகளுக்கு நடுவில் யானையும் ஒராங்குட்டானும் ஆற்றோரமாகவே போய்வர வேண்டியிருக்கிறது. நாம் படகில் உட்கார்ந்து அதைப் பார்க்கிறோம்.

தோட்டத்தில் பிறந்த எனக்கு இது மறக்கக்கூடிய விஷயம் அல்ல. மலாயாவின் காட்டை அழித்துப் பால்மரம் நட்டதில் நம் ஆட்களின் உழைப்பு இருக்கிறது. பிறகு பால்மரத்தை வெட்டிச் செம்பனை வைத்தார்கள். சபாவில் இன்று அந்த வேலையைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் வந்தவர்கள். சுக்காவுக்குப் போகும் சாலையில் அவர்களுடைய லயங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த வீடுகளைப் பார்க்கும்போது என் அம்மா நினைவுக்கு வருவார். அதனால் சுக்காவுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை, போகத்தான் சொல்கிறேன். சுற்றுலாப் பயணிகள் வருவதால்தான் மிஞ்சியிருக்கும் அந்த ஒல்லிக் காட்டுக்கு ஒரு விலை இருக்கிறது. ஆனால் எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்துகொண்டு பாருங்கள்.

படகிலேயே தூங்கி, படகிலேயே சாப்பிட்டு, நாள்கணக்கில் ஆற்றில் போக வேண்டும் என்பவர்களுக்குக் களிமந்தான்தான் சரி. தஞ்சோங் புத்திங் தேசியப் பூங்காவுக்குள் செக்கோன்யெர் என்று ஓர் ஆறு ஓடுகிறது. பங்கலான் புன் ஊருக்கு விமானத்தில் போய், பக்கத்தில் இருக்கும் கூமாய் துறைமுகத்தில் குளோத்தோக் என்ற மரப்படகில் ஏற வேண்டும். கீழ்த்தட்டில் படகோட்டியும் சமையல்காரரும். மேல்தட்டில் நாம். பகலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் அதே இடத்தில் இரவில் மெத்தை விரித்துக் கொசுவலை கட்டிவிடுவார்கள். ஆறு இரண்டாகப் பிரியும் இடத்தில் தண்ணீரின் நிறம் மாறுவதைக் கவனியுங்கள். மேலே சுரங்க வேலை நடக்கும் கிளை சேறாக வரும். கேம்ப் லீக்கி பக்கமிருந்து வரும் கிளை கரிய செம்பழுப்பாக, அடிவரை தெளிந்து இருக்கும். அழுகிய இலைகளின் சாறு ஊறிய கரிச்சேற்றுக் காட்டுத் தண்ணீர் அது.

கேம்ப் லீக்கி 1971-இல் பிருட்டே கால்டிகாஸ் ஒராங்குட்டான்களை ஆராய வந்து அமைத்த முகாம். வளர்ப்பிலிருந்து மீட்டு வந்த ஒராங்குட்டான்களை இந்தக் காட்டில் விட்டார்கள். அவற்றின் வாரிசுகள் உணவு மேடைகளுக்கு இன்னும் வருகின்றன. குறித்த நேரத்தில் போனால் ஒராங்குட்டானைப் பார்ப்பது ஏறக்குறைய நிச்சயம் என்று சொல்லக்கூடிய இடங்களில் இது ஒன்று. காட்டில் பழம் நிறைய இருக்கும் காலத்தில் மேடைக்கு ஒன்றும் வராமல் போவதும் உண்டு. அன்றைக்கு வருத்தப்படாதீர்கள், அவை நன்றாகச் சாப்பிடுகின்றன என்று அர்த்தம். ஒரு வேண்டுகோள்: சளி, இருமல் இருந்தால் மேடைப் பக்கம் போகாதீர்கள். நம் சளி அவற்றுக்குத் தொற்றும்.

குளோத்தோக் பயணத்தில் எனக்குப் பிடித்தது அதன் நிதானம். பிடிக்காதது, கூட்டம் மிகுந்த மாதங்களில் ஒன்றன் பின் ஒன்றாகப் படகுகள் நிற்பது. ஜூலை, ஆகஸ்டைத் தவிர்த்தால் ஆறு உங்களுடையது. மழை குறைந்த வருடங்களில் வேறொரு கஷ்டம் உண்டு. 2015-இல் இந்தப் பகுதியின் கரிநிலங்கள் எரிந்து கோலாலம்பூர் வரைக்கும் புகை வந்தது. நாங்கள் பள்ளிகளையே மூடினோம்.

இனி விடுதி. விடுதி என்று தனியாகச் சொல்வது காட்டுக்கு நடுவிலேயே தங்கி, அங்கிருந்து காலாற நடந்துவிட்டுத் திரும்பும் ஏற்பாட்டை. அதற்கு நான் எப்போதும் சொல்வது டானும் பள்ளத்தாக்கு. 438 சதுர கிலோமீட்டர், கோடாலி படாத தாழ்நிலக் காடு. லகாட் டத்து ஊரிலிருந்து மண்சாலையில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல். தங்க இரண்டு இடங்களைச் சொல்வேன்: 1986-இல் ஆய்வாளர்களுக்காகத் தொடங்கிய கள ஆய்வு மையம், 1994-இல் வந்த போர்னியோ ரெயின்ஃபாரஸ்ட் லாட்ஜ். லாட்ஜில் ஓரிரவுக்கு ஆகும் செலவில் சுக்காவ் கிராமத்து வீட்டில் பல நாள் தங்கிவிடலாம். ஆய்வு மையம் எளிமையானது, செலவும் குறைவு. காடு இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

டானும் காட்டில் யானையைக் காணோம் என்று என் நாத்தனார் மகள் சொன்னாள் அல்லவா? அங்கே யானை இருக்கிறது. ஒராங்குட்டானும் நிறைய இருக்கிறது. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போக அவற்றுக்கு இடமும் இருக்கிறது. நல்ல காட்டில் விலங்கு நம் கண்ணுக்குக் குறைவாகத்தான் தெரியும். தெரிவதெல்லாம் மரம். குங்கிலிய மரக் குடும்பத்து மரங்கள் ஐம்பது, அறுபது மீட்டருக்கு நேராக எழுந்து நிற்கும். இந்தப் பள்ளத்தாக்கில் இருக்கும் மஞ்சள் மெராந்தி மரம் ஒன்றில் 2019-இல் ஆள் ஏறி டேப் பிடித்து அளந்தபோது 100.8 மீட்டர் இருந்தது. வெப்பமண்டலத்தில் அளக்கப்பட்ட மரங்களில் அவ்வளவு உயரம் அதுவரை எதுவும் இல்லை. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளைக் குங்கிலியமும் வடநாட்டுச் சால மரமும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். இவை வருடா வருடம் காய்ப்பதில்லை. சில வருடங்கள் சும்மா இருந்துவிட்டு, ஏதோ ஒரு வருடத்தில் காடு முழுவதும் ஒரே சமயத்தில் பூத்துக் காய்க்கும். இறக்கை வைத்த விதைகள் சுழன்று சுழன்று விழும். விதை தின்னும் பன்றியும் எலியும் தின்று தீர்க்க முடியாத அளவுக்கு ஒரே நேரத்தில் கொட்டிவிடுவதால் கொஞ்சமாவது தப்பி முளைக்கிறது.

விடிவதற்கு முன் எழுந்து விடுதித் திண்ணையில் உட்கார்ந்தால் கிப்பன் குரங்குகளின் கூவல் கேட்கும். முதலில் ஒன்று, அதற்குப் பதிலாகப் பள்ளத்தின் அந்தப் பக்கமிருந்து இன்னொன்று. பார்க்க முடியாது, கேட்கத்தான் முடியும். டானும் போகிறவர்களுக்கு நான் சொல்வது, காமிராவை முதல் நாள் அறையில் வைத்துவிட்டுப் போங்கள் என்று.

ஒருநாள் காலை எங்கள் வழிகாட்டி பாதையிலிருந்து விலகி ஒரு மேட்டுக்குக் கூட்டிப்போனார். சுற்றிலும் இலைச்சருகு. நடுவில் ஒரு வட்டம் மட்டும் ஓர் இலைகூட இல்லாமல், விடியற்காலையில் பெருக்கித் தெளித்த வாசல் மாதிரி சுத்தமாக இருந்தது. ஆர்கஸ் என்ற பெரிய காட்டுக்கோழி இனத்து ஆண், பெட்டைக்கு முன் ஆடிக் காட்டுவதற்காக அந்தத் தரையைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறது. வழிகாட்டி ஒரு சின்னக் குச்சியை எடுத்து அந்த வட்டத்தின் ஓரத்தில் வைத்தார். “நாளைக்கு வாங்க அக்கா” என்றார். மறுநாள் குச்சி வட்டத்துக்கு வெளியே கிடந்தது. பறவையை நாங்கள் பார்க்கவே இல்லை. ஆனாலும் எங்களோடு வந்தவர்கள் ஊருக்குப் போய்ச் சொன்னது அந்தக் குச்சியைப் பற்றித்தான்.

அதனால்தான் டானும் போகிறவர்கள் குறைந்தது மூன்று இரவு தங்க வேண்டும் என்கிறேன். முதல் நாள் களைப்பிலும் அட்டைப் பயத்திலும் போய்விடும். வருடத்துக்குச் சுமார் 2,800 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடம் என்பதால் இன்னொரு நாளை மழை எடுத்துக்கொள்ளும். மிச்சமிருப்பதுதான் உங்களுக்கு.

நடைப்பயணத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அது பெரும்பாலானவர்களுக்கு ஒத்துவராது. சரவாக்கின் குனுங் முலு தேசியப் பூங்காவை 2000-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது. அங்கே பினக்கிள்ஸ் என்று கத்திமுனை போல் நிற்கும் சுண்ணாம்புக்கல் தூண்களைப் பார்க்க மூன்று நாள் பயணம் போகலாம். முதல் நாள் படகில் போய், பிறகு ஒன்பது கிலோமீட்டர் போலச் சமதரைக் காட்டில் நடந்து கேம்ப் 5-ஐ அடைய வேண்டும். இரண்டாம் நாள் ஏற்றம். தூரம் வெறும் 2.4 கிலோமீட்டர்தான் என்று அலட்சியமாக நினைக்காதீர்கள். அந்தத் தூரத்துக்குள் ஏறக்குறைய 1,200 மீட்டர் ஏற வேண்டும், கடைசிப் பகுதி ஏணியும் கயிறும்தான். முற்பகல் 11 மணிக்குள் ஏணிகளின் அடிக்கு வந்து சேராதவர்களை வழிகாட்டி திருப்பி அனுப்பிவிடுவார். அவரிடம் வாதாடாதீர்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம், ஈரக் கல்லில் இருட்டில் இறங்குவது ஆபத்து.

சபாவில் மலியாவ் பள்ளத்தாக்கு இருக்கிறது. நான்கு பக்கமும் செங்குத்தான மலைச்சுவர், 588 சதுர கிலோமீட்டர். உள்ளே விழும் மழையெல்லாம் ஒரே ஆறாக ஒரே வாசல் வழியாக வெளியேறுகிறது. 1947-இல் ஒரு விமானி அந்தச் சுவரில் மோதப் பார்த்துத் தப்பியதாகச் சொல்கிறார்கள். 1988 வரைக்கும் பெரிய ஆய்வுக்குழு எதுவும் உள்ளே போகவில்லை. முகாமுக்கு முகாம் பகல் முழுவதும் நடந்து ஏழு அடுக்கு அருவியைப் பார்த்துத் திரும்ப வேண்டும். அனுமதியும் வனக்காவலர் துணையும் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். காலில் காயம்பட்டால் தூக்கி வர ஒரு நாளுக்கு மேல் ஆகக்கூடிய இடம் என்பதை வீட்டிலேயே உட்கார்ந்து யோசித்து முடிவெடுங்கள். ஊரில் தினமும் இரண்டு மணி நேரம் மேடுபள்ளத்தில் நடந்து பழகியவர்கள், நனைந்த துணியை மறுநாளும் போட்டுக்கொள்ளத் தயங்காதவர்கள் போகலாம். அவர்களுக்கு இதற்கு இணையாகப் போர்னியோவில் வேறொன்று இல்லை. மற்றவர்கள், காட்டுக்குள் நடக்கத்தான் வேண்டும் என்று தோன்றினால், டானும் காட்டிலேயே அரைநாள் நடந்தால் போதும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்ல வேண்டும். விடுதியா, ஆறா, நடையா என்பதைவிட உங்களோடு வரும் வழிகாட்டி யார் என்பதுதான் பயணத்தைத் தீர்மானிக்கிறது. பணத்தைக் கட்டிலுக்கும் குளிர்சாதன வசதிக்கும் கொடுப்பவர்கள் பலர், வழிகாட்டிக்குக் கொடுப்பவர்கள் சிலர்தான். ஒரு பெரிய விடுதியின் படகில், ஒரே வழிகாட்டியோடு இருபது பேர் நெருக்கிக்கொண்டு போனோம். குரங்கைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள், படகு சாய்ந்தது, குரங்குக் கூட்டம் உள்ளே ஓடிவிட்டது. வழிகாட்டி கைபேசியில் இருந்த படத்தைக் காட்டி விளக்கம் சொன்னார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. இருபது பேரை ஒரே ஆளிடம் ஒப்படைத்ததுதான் குற்றம்.

நல்ல வழிகாட்டி எப்படி வேலை செய்கிறார் என்பதற்கு ஒராங்குட்டானையே எடுத்துக்கொள்வோம். அது ஒவ்வொரு சாயங்காலமும் கிளைகளை ஒடித்து மடித்துப் புதிதாகக் கூடு கட்டும். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாக் கூடும் ஒன்றுதான். இலை பச்சையாக இருந்தால் இன்றைக்கோ நேற்றைக்கோ கட்டியது, பழுப்பேறியிருந்தால் பழையது. சாயங்காலம் பச்சைக் கூட்டில் அது படுத்ததைப் பார்த்து வைத்துக்கொண்டு, விடிவதற்கு முன்னால் வழிகாட்டி நம்மை அந்த மரத்தடிக்குக் கூட்டிவருவார். எந்த அத்தி பழுத்திருக்கிறது, எந்த மரத்துக்கு இருவாச்சி வந்து போகிறது என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கும். மற்ற வழிகாட்டிகளிடம் விசாரித்து வைத்திருப்பார். இந்த அறிவு அந்த ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவர்களிடம்தான் நிறைய இருக்கிறது. கினபாத்தாங்கான் கரையில் அவர்கள் ஓராங் சுங்காய் மக்கள். பாத்து பூத்தே கிராமத்தில் அவர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்து, விருந்தினர்களை வீடுகளில் தங்கவைக்கிறார்கள், படகு ஓட்டுகிறார்கள், அழிந்த இடத்தில் காட்டு மரங்களை நடுகிறார்கள். வசதி குறைவு. பாய் விரித்த அறை, பொதுக் குளியலறை. என் தோழிகளை நான் கூட்டிப்போவது அங்கேதான்.

எங்கே பதிவு செய்தாலும் எழுதிக் கேளுங்கள். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? ஆறு பேருக்கு மேல் என்றால் யோசியுங்கள். கடைசிவரை ஒரே வழிகாட்டியா, தினமும் ஆள் மாறுமா? அவர் எந்த ஊர்க்காரர்? விலங்குக்குப் பக்கத்தில் போகும்போது இயந்திரத்தை அணைப்பார்களா? விலங்கை வரவழைக்கச் சாப்பாடு போடும் வழக்கம் உண்டா? யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், வண்டி எப்போதும் நிற்குமா? இதற்கெல்லாம் நேரான பதில் சொல்லாத நிறுவனத்துக்கு முன்பணம் அனுப்பாதீர்கள்.

அட்டைக்குப் பயந்து போகாமல் இருந்துவிட வேண்டாம். முழங்கால் வரைக்கும் வரும் நெருக்கமான துணிக் காலுறையை அங்கேயே விற்கிறார்கள், அதைக் காற்சட்டைக்கு மேலே இழுத்துக் கட்டிக்கொண்டால் பெரும்பாலும் தப்பலாம். புலியட்டை என்று ஒன்று இடுப்பளவு இலைகளில் காத்திருந்து, நாம் உரசும்போது ஏறிக்கொள்ளும். கடித்தால் சுரீர் என்று தெரியும். விரல் நகத்தால் வாய்ப்பக்கத்தைத் தள்ளினால் விட்டுவிடும். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, நோய் எதுவும் வராது. கவலைப்பட வேண்டியது கொசுவைப் பற்றித்தான். குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் நோலசி என்ற மலேரியா சபாவிலும் சரவாக்கிலும் இருக்கிறது. கிளம்புவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். ஊர் திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தால், போர்னியோ காட்டுக்குப் போய் வந்ததை மறக்காமல் சொல்லுங்கள்.

சைவச் சாப்பாட்டுக்காரர்கள் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும், அதுவும் விளக்கமாக. கீரையில்கூடப் பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கும். “இறைச்சி வேண்டாம்” என்று மட்டும் சொன்னால் மீனும் இறாலும் வந்து சேரும். ஊறுகாயும் பருப்புப் பொடியும் கொண்டுபோங்கள், சோறு எங்கும் கிடைக்கும்.

சபாவின் கிழக்குப் பகுதியில் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை மழை அதிகம். கினபாத்தாங்கான் கரை மீறி, விடுதிப் படிக்கட்டு வரைக்கும் தண்ணீர் ஏறுவதுண்டு. மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை நல்ல காலம். முதல் தடவை போகிறவர்களுக்கு என் முடிவான யோசனை: டானும் காட்டில் மூன்று இரவு, கினபாத்தாங்கானில் மூன்று இரவு, வேறெதையும் அதில் திணிக்க வேண்டாம். செலவு தாங்காது என்றால் டானும் காட்டை விட்டுவிட்டு ஆற்றங்கரைக் கிராமத்திலேயே எல்லா நாளும் இருங்கள். நல்ல வழிகாட்டிகள் பல மாதம் முன்பே பதிவாகிவிடுவதால், அடுத்த வருடம் போக நினைக்கிறவர்கள் இந்த மாதமே எழுதிக் கேட்டுவிடுங்கள்.